மக்கும் புறம்போக்கும்

தமிழில் கெட்டுப்போவதற்கு எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சோறு ஊசிப்போகும். பால் திரியும். பழம் அழுகும். மீன் நாறும். மரம் உளுத்துப்போகும். கயிறும் துணியும் இற்றுப்போகும். இரும்பு துருப்பிடிக்கும். இலைதழைகள் மக்கும். இந்த வரிசையில் கடைசிச் சொல்லைத் தவிர மற்ற எல்லாமே இழப்பில் முடிகின்றன. ஊசிப்போன சோற்றுக்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை, கொட்ட வேண்டியதுதான். மக்குவது அப்படியல்ல. சாணமும் வைக்கோலும் மக்கினால் எரு. கொழுஞ்சித் தழையை வயலில் போட்டு மிதித்து மக்கவிட்டால் அடுத்த நடவுக்கு உரம். கெடுவதைச் சொல்லும் சொற்களுக்கு நடுவே, கெட்டபின் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் சொல் இது.

அதே சொல்லைத்தான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் வைத்திருக்கிறோம். "சரியான மக்கு. எவ்வளவு சொன்னாலும் ஏறாது." குப்பைத்தொட்டியில் 'மட்கும் குப்பை' என்று திருத்தமாக எழுதுகிறவர்கள் உண்டு. பையனைத் திட்டும்போது யாரும் 'மட்கு' என்று திருத்துவதில்லை. இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றா வேறா என்பதைச் சொல்லாய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பேசுகிற வாய்க்கும் கேட்கிற காதுக்கும் ஒரே ஒலிதான்.

இதற்குத் துணையாக இன்னொரு சொல் இருக்கிறது: புறம்போக்கு. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது வசவு அல்ல. வரி விதிப்புக்கு வெளியே நிற்கும் நிலம், அவ்வளவுதான். மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை, சுடுகாடு, வண்டிப்பாதை, கடலோரச் சதுப்பு எல்லாம் அதில் வரும். யாருடைய தனிச் சொத்தும் இல்லை, எல்லோரும் புழங்கலாம். கஜானாவுக்குப் பணம் வராத நிலம் என்பது மட்டும்தான் அதன் குறை. அந்தக் கணக்கதிகாரியின் சொல் தெருவுக்கு வந்து, வேலைவெட்டி இல்லாதவன், உருப்படாதவன் என்ற பொருளில் மனிதர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தைக் காட்டி இந்தச் சொல்லைத் திருப்பிப் போட முயன்றது பலருக்கு நினைவிருக்கும். ஆனாலும் வசவு வசவாகவே இருக்கிறது.

மண்ணைப் பற்றிய சொல் ஒன்று, நிலத்தைப் பற்றிய சொல் ஒன்று. இரண்டும் மனிதர்களைத் தள்ளிவைக்கப் பயன்படுகின்றன. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நிலத்தை எந்தத் தராசில் நிறுத்தோமோ அதே தராசில்தான் ஆட்களையும் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். அந்தத் தராசின் பெயர் பயன். ஒன்று பயனற்றது என்று யார், எப்போது முடிவுசெய்கிறார்கள்? அந்த முடிவு தவறு என்று நிரூபித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இந்த இரண்டு கேள்விகளையும் யோசிக்க ஒரு குறிப்பிட்ட இடம் வேண்டும். ராமநாதபுரம் கடற்கரையில் ஏர்வாடியை எடுத்துக்கொள்கிறேன். அங்கே சதுப்பும் இருக்கிறது, தள்ளிவைக்கப்பட்ட மனிதர்களின் வரலாறும் இருக்கிறது.

*

கீழக்கரையிலிருந்து தென்மேற்கே போனால் ஏர்வாடி. அதற்கும் அப்பால் வாலிநோக்கம், அங்கே தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள். எதிரே மன்னார் வளைகுடா. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்தவை இந்தக் கரைக்கு நேரே கிடக்கின்றன. 2022இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் கரையில் நின்று பார்ப்பவருக்கு இந்தப் பட்டமெல்லாம் தெரியாது. வறண்ட ஊர். சீமைக்கருவேலம், பனை, உப்புப் பூத்த தரை. கடல்நீர் உள்ளே வந்து போகும் தாழ்வான இடங்களில் உமரிச்செடிகள் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும். ஓடையோரமாக வெண்கண்டல், பெரும்பாலும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே. பிச்சாவரத்தையோ முத்துப்பேட்டையையோ படகில் சுற்றிப் பார்த்தவர்கள் இதைக் காடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "இதுல என்ன சார் இருக்கு, சேறுதானே" என்பார்கள்.

சேறுதான். அந்தச் சேற்றில் ஓர் இலை விழுவதிலிருந்து தொடங்குவோம்.

வெண்கண்டல் இலை பச்சையாக விழுவதில்லை. பழுத்து மஞ்சளாகித்தான் விழும். பழுப்பது என்றால் மரம் தான் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது. இலையில் இருந்த நைட்ரஜனில் கிட்டத்தட்டப் பாதியை, சில இனங்களில் அதற்கும் மேல், மரம் உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் காம்பை விடுகிறது. உப்பு நிலத்தில் நைட்ரஜன் கிடைப்பது கஷ்டம். மரம் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். ஆக, விழுகிற இலை மரத்தின் பார்வையில் காலி. எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று.

அடுத்த சில நாட்களில் ஏற்றம் வந்து இலையை நனைக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இருந்தாலும் தட்டையான நிலத்தில் அது வெகுதூரம் போகும். தேநீர்த்தூளில் வெந்நீர் ஊற்றியதுபோல இலையிலிருந்து சர்க்கரையும் உப்பும் துவர்ப்பும் கரைந்து வெளியேறும். முதல் இரண்டு வாரங்களிலேயே உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இப்படிப் போய்விடும். இந்தக் கட்டத்தில் உயிர்களின் வேலை குறைவு, பெரும்பகுதி வெறும் ஊறல்தான். அந்தத் துவர்ப்பு, அதாவது டானின், போகப்போகத்தான் இலையை மற்றவர்கள் தொட முடியும். வெண்கண்டலில் துவர்ப்பு குறைவு, சுரபுன்னையில் அதிகம். அதனால்தான் ஒரே சேற்றில் போட்டாலும் வெண்கண்டல் இலை சீக்கிரம் மக்குகிறது, சுரபுன்னை இலை நாள் எடுத்துக்கொள்கிறது.

பிறகு பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இலையில் குடியேறுகின்றன. இலை கறுக்கும், வழுவழுப்பாகும், ஓட்டை விழும். இங்கேதான் ஆராய்ச்சியாளர்களை முதலில் திகைக்கவைத்த விஷயம் நடக்கிறது. இலையின் எடை குறைந்துகொண்டே போக, மிச்சமிருக்கும் துண்டில் நைட்ரஜனின் விகிதம் கூடிக்கொண்டே போகிறது. காரணம் எளிது. குடியேறிய நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள நீரிலிருந்து நைட்ரஜனை எடுத்துத் தங்கள் உடலாக்கிக்கொள்கின்றன. இலையைத் தின்னும் இறால் குஞ்சுக்கோ நத்தைக்கோ இலையோடு சேர்த்து அந்த உடல்களும் கிடைக்கின்றன. மரத்திலிருந்து விழுந்த அன்றைக்கு இருந்ததைவிட, பாதி மக்கிய பிறகு அந்த இலை சத்தான உணவு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் மக்கும் அலையாத்தி இலைகளைப் பைகளில் கட்டி நீரில் தொங்கவிட்டு, அவற்றைத் தேடி இளம் இறால்களும் மீன் குஞ்சுகளும் வருவதைக் கண்டிருக்கிறார்கள்.

வலைத்தளப் பொன்மொழிகளில் இதை உடனே ஒரு வரியாக்கிவிடுவார்கள்: 'அழுகுவதும் ஒரு மலர்ச்சியே.' எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. இலை மலரவில்லை. இலை முடிந்துவிட்டது. அதன்மேல் வேறு யாரோ வேலை செய்கிறார்கள்.

*

அந்த வேறு யாரோவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அவர்களை அளவிடும் முறையிலேயே ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது.

இலை எவ்வளவு வேகத்தில் மக்குகிறது என்று கண்டுபிடிக்கும் வழி மிக எளிமையானது. உலர்ந்த இலையை எடைபோட்டு நைலான் வலைப்பையில் போடுவார்கள். அப்படிப் பல பைகள். எல்லாவற்றையும் சேற்றில் ஒரு கழியில் கட்டிவைப்பார்கள். வாரம் ஒரு பை, மாதம் ஒரு பை என்று எடுத்துவந்து அலசி, உலர்த்தி, மறுபடி எடை பார்ப்பார்கள். 1963இல் ஜெர்ரி ஓல்சன் என்ற சூழலியலாளர் இப்படிப்பட்ட இழப்புக்கு ஒரு கணக்கு சொன்னார். ஒவ்வொரு காலத்துண்டிலும் மிச்சமிருப்பதில் ஒரு குறிப்பிட்ட விகிதம் போகிறது என்பது அதன் சாரம். பாதி போகும், பிறகு மிச்சத்தில் பாதி, பிறகு அதிலும் பாதி. தாளில் வரைந்தால் அந்தக் கோடு தரையை நோக்கி வந்துகொண்டே இருக்கும், தொடாது.

இதில் சிக்கல் பையின் கண்ணளவில் வருகிறது. கண் பெரிதாக இருந்தால் சின்ன நண்டுகள் உள்ளே நுழையும். அலையாத்திச் சேற்றில் வளை தோண்டி வாழும் நண்டுகள் இலையைக் கவ்வி வளைக்குள் இழுத்துக்கொண்டு போகக்கூடியவை. கிழித்துத் தின்று எச்சமாக்கிவிடும். அந்த எச்சத்தில் நுண்ணுயிர்கள் முழு இலையில் பிடிப்பதைவிட வேகமாகப் பிடிக்கும். கண் சிறிதாக இருந்தால் நண்டு வெளியே நிற்கும், எடை மெதுவாகக் குறையும். அதே இலை, அதே சேறு, இரண்டு விடைகள். 'இலை மக்கும் வேகம்' என்று நாம் சொல்லும் எண் இலையின் குணம் மட்டுமல்ல. யாரை உள்ளே விட்டோம் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலர் இதற்கு ஒரு பொதுவழி கண்டார்கள். கடையில் விற்கும் லிப்டன் தேநீர்ப் பைகள். கிரீன் டீ சீக்கிரம் மக்கும், ரூய்பாஸ் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் தேநீர் மெதுவாக மக்கும். இரண்டையும் புதைத்து, சுமார் 90 நாள் கழித்துத் தோண்டி எடைபோட்டால் உலகின் எந்த மண்ணையும் எந்த மண்ணோடும் ஒப்பிடலாம். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். பிறகு கடலோரச் சதுப்புகளிலும் தேநீர்ப் பைகள் புதைக்கப்பட்டன. அருமையான யோசனைதான். ஆனால் அந்தப் பையின் வலை மிக நுண்ணியது. நண்டு உள்ளே வரமுடியாது. எல்லா இடங்களையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டுமானால், அந்தந்த இடத்துக்கே உரிய வேலைக்காரர்களை வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்து, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு எடை பார்த்து, "இவன் மக்கு" என்று எழுதுகிறவர்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வினாத்தாள் பொய் சொல்லவில்லை. அது எதையோ அளக்கிறது. ஆனால் யாரையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு அளந்தோம் என்பதை விடைத்தாளில் யாரும் குறிப்பதில்லை. ஓர் ஆசிரியர் கூடுதலாக ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால், வீட்டில் ஒரு விளக்கு இருந்திருந்தால் என்ற கேள்விகள் எல்லாம் பையின் கண்ணளவைப் பற்றியவை.

*

இதுவரை சொன்னது சேற்றின் மேல்பரப்பில் நடப்பது. காற்று படும் இடம். விரலை ஓரிரு அங்குலம் உள்ளே அழுத்திப் பாருங்கள். சேறு கறுப்பாகும். வெளியே எடுத்தால் அழுகிய முட்டை வாடை.

கீழே ஆக்சிஜன் இல்லை. ஈரமண்ணில் காற்று மிக மெதுவாகத்தான் இறங்கும். இறங்குவதற்குள் மேலே இருக்கும் உயிர்கள் அதைத் தீர்த்துவிடும். வெண்கண்டல் தன் வேர்களைப் பென்சில் பென்சிலாக மண்ணுக்கு மேலே நீட்டி மூச்சு விடுவது அதனால்தான். கீழே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அந்த வாடை. அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்தால் அந்தக் கறுப்பு. இந்தச் சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றல் குறைவு. மரத்தன்மையுள்ள லிக்னினை உடைக்க ஆக்சிஜன் தேவை, அது இங்கே இல்லை. அதனால் கீழே போன இலையும் வேரும் சரியாக மக்குவதில்லை. மேலே மேலே வண்டல் படிய, பாதி மக்கிய நிலையிலேயே நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும்.

இது நம் காலத்தில் பெரிய செய்தியாகிவிட்டது. மக்காமல் கிடப்பது என்றால் கார்பன் காற்றுக்குப் போகாமல் கிடப்பது. 2009இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை ஒன்று இதற்கு 'நீலக் கார்பன்' என்ற பெயரைப் பரப்பியது. அலையாத்திக் காடு, உப்புச் சதுப்பு, கடற்புல் படுகை ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் மூன்றும் உண்டு. நேற்றுவரை தரிசு, சேறு, கொசு வளர்க்கும் இடம் என்று இருந்தது இன்று கார்பன் வங்கி.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. முதலில் இந்த நிலத்தைப் பயனற்றது என்றோம், ஏனென்றால் எல்லாம் அழுகுகிறது. பிறகு பயனுள்ளது என்றோம், ஏனென்றால் அழுகியது கடலுக்கு உணவாகிறது. இப்போது இன்னும் பயனுள்ளது என்கிறோம், ஏனென்றால் முழுதாக அழுகுவதில்லை. தீர்ப்பு மூன்று முறை மாறிவிட்டது. தராசு மாறவே இல்லை.

நடுவில் சொன்ன வாதத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1962இல் ஜான் டீல் என்பவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரைச் சதுப்பு ஒன்றின் ஆற்றல் வரவுசெலவைக் கணக்கிட்டார். அங்கே விளைவதில் கணிசமான பங்கு கடலுக்குப் போகிறது என்பது அவர் கணக்கு. யூஜீன் ஓடம் இதைக் கருதுகோளாக வளர்த்தார். சதுப்புகள் கடலுக்கு ஊட்டுகின்றன என்ற அந்தக் கருத்து பல சதுப்புகளைக் காப்பாற்ற உதவியது. பிறகு 1980இல் ஸ்காட் நிக்சன் இருபது வருட ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். சில சதுப்புகள் கடலுக்குக் கொடுக்கின்றன, சில கடலிலிருந்து வாங்குகின்றன, சிலவற்றில் எதுவும் தெளிவில்லை. எல்லாச் சதுப்பும் கொடுக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதாது என்றார்.

நல்ல அறிவியல் இப்படித்தான் நடக்கும். ஆனால் ஒரு சதுப்பைக் காப்பாற்றிய ஒரே காரணம் 'இது கடலுக்கு ஊட்டுகிறது' என்பதாக இருந்திருந்தால், நிக்சனின் கட்டுரை வந்த மறுநாள் அதன்மேல் மண் கொட்டலாமா? கடலிலிருந்து வாங்கும் சதுப்பு ஒன்று, கொடுக்கும் சதுப்பைவிடக் குறைந்த உரிமை உடையதா? நாளை கார்பனைச் சேமிக்க மலிவான இயந்திரம் வந்துவிட்டால் ஏர்வாடி உமரித்திடல் மறுபடி புறம்போக்காகிவிடுமா?

பயனைக் காட்டிப் பாதுகாக்கும் வாதத்தை நான் கேலி செய்யவில்லை. நீதிமன்றத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் அதுதான் எடுபடும். பள்ளிக்கரணையைச் சென்னையின் குப்பைமேடாக்கியவர்களிடம் "அது வெள்ளத்தை உறிஞ்சும் நிலம்" என்று சொல்லித்தான் மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த வாதத்தைச் சொல்லுங்கள். ஆனால் அது கடனுக்கு வாங்கிய பாதுகாப்பு என்பது தெரிந்திருக்க வேண்டும். என்றைக்காவது தவணை கேட்பார்கள்.

*

இப்போது ஏர்வாடியின் இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். இலையைப் பற்றிப் பேசிவிட்டு உடனே மனிதர்களைப் பற்றிப் பேசுவது ஆபத்தான காரியம். அந்த ஆபத்து என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

ஏர்வாடி என்றால் பெரும்பாலோருக்கு நினைவு வருவது சதுப்பு அல்ல, தர்கா. சுல்தான் சையது இபுராகிம் ஷகீது அடக்கமான இடம். சந்தனக்கூடு விழாவுக்கு எல்லா மதத்தவரும் வருவார்கள். மனநோய் தீர அங்கே தங்கிப் பிரார்த்திப்பது நீண்டகால வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து மட்டுமல்ல, வெளிமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் அழைத்துவந்தன. உடன் தங்கிப் பார்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படி விடப்பட்டவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் காப்பகங்கள் முளைத்தன. மனநலக் காப்பகத்துக்கு உரிமம் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படியொரு காப்பகத்தின் கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த வழக்கின் பெயரே 'தமிழ்நாட்டில் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேரின் இறப்பு' என்பதுதான். முதலில் வந்த எண்ணிக்கை 25. பிறகு இறந்த மூவர் வழக்கின் தலைப்பில் இல்லை. ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன, ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று வெளிப்படையாக எழுதியது. பிற்காலத்தில் தர்கா வளாகத்திலேயே, துவாவை நிறுத்தச் சொல்லாமல், அதன் பக்கத்தில் மருந்தையும் வைக்கும் அரசுத் திட்டம் வந்தது.

இப்போது அந்த ஆபத்தைச் சொல்கிறேன். இலை மக்குவதைப் பற்றி இவ்வளவு படித்த ஒருவருக்கு, மரணத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆறுதல் கைவசம் வந்துவிடுகிறது: "எதுவும் வீண்போவதில்லை." மண்ணோடு மண்ணாகிறோம், வேறொன்றின் உணவாகிறோம், சுழற்சி தொடர்கிறது. தொண்ணூறு வயதில் வீட்டில் கண்மூடிய பாட்டியின் சாவில் இந்த வாக்கியத்துக்கு ஓர் அழகு இருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டுபோய் அந்தக் கொட்டகையின் வாசலில் சொல்லிப் பாருங்கள். நாக்கு எழாது.

ஏன் எழாது? பொருளைப் பொறுத்தவரை அந்த வாக்கியம் அங்கேயும் உண்மைதான். கார்பன் எங்கேயும் போவதில்லை. சாம்பலும் மண்ணாகிறது. ஆனால் அங்கே இழக்கப்பட்டது பொருள் அல்ல. ஓர் ஆள். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் ஒருவர். அவர் எதன் உணவாகவும் மாற முடியாது, எந்தச் சுழற்சியிலும் திரும்பி வரமாட்டார். அந்த இறப்பால் நாட்டில் சட்டம் மாறியது, அதனால் அது வீண்போகவில்லை என்று சொன்னால், கொஞ்சம் நாகரிகமான வார்த்தையில் அதே தவறைத்தான் செய்கிறோம். சட்டம் மாறியது நல்லது, மாறத்தான் வேண்டும். ஆனால் 28 பேர் சட்டத்துக்கு உரமாகப் பிறந்தவர்கள் இல்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழி யானைக்காரனின் பழமொழி. யானையைக் கேட்டால் வேறு சொல்லும்.

தராசைப் பற்றி முன்னால் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எல்லோரும் கொடியவர்கள் இல்லை. மருத்துவம் எட்டாத தூரம், வறுமை, ஊர்ப்பேச்சு, களைப்பு எல்லாம் இருந்தன. ஆனால் ஒருவரைச் சங்கிலியில் விட்டுவிட்டுப் பேருந்து ஏற முடிந்ததற்கு அடியில் ஒரு கணக்கும் இருந்தது. இவரிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று, இனி ஒன்றும் வராது என்ற கணக்கு. மரம் இலையிடம் பார்க்கும் கணக்கு அது. மரம் அப்படிப் பார்ப்பதில் தவறில்லை. மரத்துக்கு இலை ஓர் உறுப்பு. குடும்பத்துக்கு மனிதர் உறுப்பு என்று நாம் பேச்சுக்குச் சொல்லலாம், 'குடும்ப உறுப்பினர்' என்று படிவத்திலும் எழுதலாம். ஆனால் உதிர்க்கும் உரிமை அதிலிருந்து வருவதில்லை.

இதற்கு எதிராக ஒரு நல்ல மனம் உடனே சொல்லும்: "இல்லை, அவர்களிடமும் திறமைகள் உண்டு. அவர்களும் பயனுள்ளவர்கள்தான். ஒருவர் ஓவியம் வரைவார், ஒருவர் தோட்டவேலை செய்வார்." உண்மைதான், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் இது சதுப்புக்கு நாம் சொன்ன நீலக் கார்பன் வாதத்தின் மறுபதிப்பு. ஓவியம் வரையாதவர் என்ன ஆவார்? எந்த வேலையும் செய்ய முடியாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, நாள்முழுக்க உட்கார்ந்திருப்பவர்? அவரைக் கட்டக்கூடாது என்பதற்குக் காரணம் அவர் ஒருநாள் ஏதாவது செய்துகாட்டுவார் என்பதா?

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவு எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். பயன் உள்ளவரைக் கட்டாதே என்று அது சொல்லவில்லை. தேறக்கூடியவரைக் கட்டாதே என்றும் சொல்லவில்லை. கட்டாதே என்கிறது. காரணம் கேட்கவில்லை.

*

அப்படியானால் சதுப்பிலிருந்து மனிதர்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இலை நமக்கு உவமை என்பது அந்தப் பாடம் அல்ல. இலையைப் பார்ப்பவர்கள் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அது.

ஒன்று, நேரம். விழுந்த அன்றைக்கே இலையை எடைபோட்டுத் தூக்கியெறிந்திருந்தால், பாதி மக்கிய இலையில் நைட்ரஜன் கூடுவது யாருக்கும் தெரிந்திருக்காது. ஏர்வாடிப் பக்கத்தில் இது இன்னும் மெதுவாகவே நடக்கும். கோடையில் மேட்டுத்திடல்களுக்கு ஏற்றநீர் எட்டாது, உப்பு பாளம்பாளமாகப் பூத்துக் கிடக்கும், உதிர்ந்த உமரித்தண்டு காய்ந்து அப்படியே இருக்கும். ஐப்பசி மழை வந்துதான் வேலை மறுபடி தொடங்கும். வைகாசியில் வந்து பார்ப்பவர் 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போவார். பயனற்றது என்ற தீர்ப்பு அநேகமாக எப்போதும் சீக்கிரமாக வருகிற தீர்ப்பு.

இரண்டு, காற்று. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இலைக்கு என்ன ஆகிறது என்பதை வைத்து இலையின் குணத்தைச் சொல்ல முடியாது. அது அந்த இடத்தின் குணம். பூட்டிய அறையில் கட்டிவைத்த ஒருவர் கத்துவதைக் காட்டி "பாருங்க, இவரை எப்படி வெளியில விடறது?" என்று கேட்பவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கொஞ்சம் கஷ்டமானது. இந்த இரண்டையும் செய்த பிறகும், நேரம் கொடுத்து, காற்றுக் கொடுத்து, நண்டை உள்ளே விட்டு, எல்லாம் செய்த பிறகும், ஒரு மிச்சம் இருக்கும். ஓல்சனின் கோடு தரையைத் தொடுவதில்லை. எதன் உணவாகவும் மாறாத, எந்தக் கணக்கிலும் வராத ஒரு பகுதி சேற்றில் கிடக்கும். அதற்குப் பயன் தேடி ஓட வேண்டியதில்லை. இருக்க இடம் இருந்தால் போதும். புறம்போக்கு என்ற சொல்லின் பழைய பொருளும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கணக்குக்கு வெளியே நின்றாலும் ஊருக்கு வெளியே போகாத நிலம் அது. மாடு மேய்ந்தது, பிள்ளைகள் விளையாடினார்கள், பிணத்தையும் அங்கேதான் எரித்தார்கள். அதற்கு வரி போடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

மனிதர்களில் சிலர் நம்மிடம் கேட்பதும் அதிகமில்லை. வேலை வாங்கிக் காட்ட வேண்டாம், திறமையைக் கண்டுபிடித்துப் பாராட்டவும் வேண்டாம். வேளைக்கு மருந்து, மேலே ஒரு கூரை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவர். காலில் எதுவும் இருக்கக்கூடாது.